படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதுகிறவர்கள்

என்னிடம் வந்த கேள்வி சுருக்கமாக இது. ‘வேலையை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் என் தோழி, இது முழுக்க நானே எடுத்த முடிவு என்கிறாள். வேலைக்குப் போகும் இன்னொருத்தி, எனக்கு வேறு வழியே இல்லை என்கிறாள். அம்மாக்கள் இதை உண்மையிலேயே தேர்ந்தெடுக்கிறார்களா, இல்லை தேர்ந்தெடுத்ததாகச் சொல்லிக்கொள்கிறார்களா?’

இரண்டு தோழிகளும் பொய் சொல்லவில்லை. ஆனால் இருவரும் சொல்வது கடைசி நாளில் நடந்ததை மட்டும்தான். அந்த நாளுக்கு முன்னால் நடந்தவற்றில் பாதி அவர்கள் கையில் இருந்திருக்காது, மீதிப் பாதி நடந்ததே அவர்கள் கண்ணில் பட்டிருக்காது.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. பதினான்கு வருடம் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருந்தவள் நான். ராஜினாமா படிவத்தில் ‘விலகுவதற்கான காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். கைக்குழந்தை இருக்கும்போது வேலையை விடும் பெண்களில் கிட்டத்தட்ட எல்லோரும் அதில் எழுதுவது இரண்டே சொல், ‘சொந்தக் காரணம்’. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பேசினால் அரை மணி நேரத்தில் வேறு வேறு விஷயங்கள் வெளியே வரும். மாலை ஆறு மணிக்கு மேல்தான் வைப்பேன் என்று வைக்கப்படும் மீட்டிங். காப்பகம் மூடும் நேரத்துக்கும் ஷிஃப்ட் முடியும் நேரத்துக்கும் நடுவே இடிக்கும் அரை மணி நேரம். விடுப்பு முடிந்து வந்தபோது தன் வேலையில் உட்கார்ந்திருந்த வேறொருவர். ‘உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்றுதான் அந்தப் பிராஜெக்டை உனக்குக் கொடுக்கவில்லை’ என்று அன்பாகச் சொன்ன மேனேஜர். இருவரின் எண்ணையும் கொடுத்திருந்தாலும் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அம்மாவுக்கு மட்டுமே போன் செய்யும் காப்பகம். இத்தனையும் சொல்லிவிட்டுக் கடைசியில், ‘பரவாயில்லை மேடம், நானே யோசித்து எடுத்த முடிவுதான்’ என்பார்கள். நானும் ‘சொந்தக் காரணம்’ என்றே பதிவு செய்வேன். கணினியில் அதற்குத்தான் ஒரு குறியீடு இருந்தது, ஆறு மணி மீட்டிங்குக்கு இல்லை.

அமெரிக்காவில் பமேலா ஸ்டோன் என்ற சமூகவியலாளர், பெரிய பதவிகளை விட்டு வீட்டுக்கு வந்த 54 பெண்களிடம் நீண்ட நேரம் பேசி 2007-இல் எழுதியதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அவர்களும் ‘என் விருப்பம்’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். ஆனால் நடந்ததை விவரிக்கச் சொன்னால், பகுதிநேரம் கேட்டு மறுக்கப்பட்டது, கொடுத்தாலும் சம்பளம் மட்டும் பாதியாகி வேலை முழுசாகவே இருந்தது, கணவர் வீட்டிலேயே இல்லாதது, இவைதான் வந்தன. படித்த, பணம் இருக்கிற, எதையும் எதிர்த்துக் கேட்கத் தெரிந்த பெண்கள் அவர்கள். தள்ளப்பட்டேன் என்று சொல்வதைவிட விலகினேன் என்று சொல்வதில் கொஞ்சம் மரியாதை மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

சரி, முடிவு எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். பெரும்பாலான வீடுகளில் ஒரு கணக்கோடுதான் அது தொடங்குகிறது. குழந்தைக் காப்பகத்துக்கு, இல்லையென்றால் பார்த்துக்கொள்ள வருகிறவருக்கு, மாதம் இவ்வளவு. அம்மாவின் சம்பளம் இவ்வளவு. கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சவில்லை, அப்புறம் எதற்கு அலைய வேண்டும்? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கை யார் எழுதினாலும் காப்பகச் செலவை அம்மாவின் சம்பளத்திலிருந்து மட்டும்தான் கழிப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? குழந்தை இரண்டு பேருக்கும்தான். வீட்டு வாடகையை யாரும் இப்படி ஒருவர் சம்பளத்திலிருந்து மட்டும் கழித்து ‘நீ போவதில் லாபமில்லை’ என்று சொல்வதில்லை. இன்னொன்று, அந்தக் கணக்கில் இந்த மாதச் சம்பளம் மட்டும்தான் இருக்கும். ஐந்து வருடம் கழித்து வந்திருக்கக்கூடிய சம்பளம், சேர்ந்திருக்கக்கூடிய ஓய்வூதியம், அனுபவத்தின் விலை, எதுவும் அதில் இருக்காது. காப்பகச் செலவு மூன்று நான்கு வருடத்தில் முடிந்துவிடும், விட்டுப்போன சம்பள உயர்வு அப்படி முடிவதில்லை.

அப்பாவின் சம்பளம்தான் அதிகம், அதனால் அவர் தொடர்வதுதான் புத்திசாலித்தனம் என்பது அடுத்த வாதம். அந்த வீட்டுக்கு மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால் அவர் சம்பளம் ஏன் அதிகம் என்பதற்குக் காரணங்களில் ஒன்று, அவரைப் போன்றவர்கள் குழந்தை பிறந்தால் விலக மாட்டார்கள் என்று வேலை கொடுப்பவர் முன்பே போட்டு வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கைப் பார்த்து வீடு முடிவெடுக்கிறது, வீடுகள் எடுத்த முடிவைப் பார்த்து வேலை கொடுப்பவர் தன் கணக்கு சரி என்கிறார். இது சுற்றிக்கொண்டே இருக்கிறது. சில நாடுகளில் அரசும் சேர்ந்து சுற்றுகிறது. ஜெர்மனியில் 1958 முதல் கணவன் மனைவி வருமானத்தைச் சேர்த்துப் பாதியாகப் பிரித்து வரி போடும் முறை இருக்கிறது. குறைவாகச் சம்பாதிப்பவர் கொண்டுவரும் முதல் காசுக்கே, அதிகம் சம்பாதிப்பவரோடு சேர்த்துப் பார்த்து உயர்ந்த விகிதத்தில் வரி விழும். சுவீடன் 1971-இல் அதை மாற்றி, அவரவர் வருமானத்துக்கு அவரவருக்கு வரி என்று ஆக்கியது. ‘அம்மா வேலைக்குப் போகக் கூடாது’ என்று எந்தச் சட்டத்திலும் எழுதத் தேவையில்லை, வரிப் படிவமே போதும்.

முன்பு அப்படியே எழுதியும் வைத்திருந்தார்கள் என்பது வேறு விஷயம். மேற்கு ஜெர்மனியில் 1977 வரை, மனைவி வேலைக்குப் போகலாம், ஆனால் குடும்பக் கடமைகளுக்கு இடைஞ்சல் இல்லாத அளவுக்கு மட்டும் என்பது சிவில் சட்டத்திலேயே இருந்தது. அயர்லாந்தில் அரசுப் பணியில் இருக்கும் பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டாக வேண்டும் என்ற விதி 1973-இல்தான் போனது. இப்போது வேலையில் இருப்பவர்களின் அம்மா, பாட்டி காலத்துக் கதைதான் இது. அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் இன்றைக்கு ‘இயல்பாகவே எனக்கு வீட்டில் இருக்கத்தான் தோன்றியது’ என்கிறார்கள்.

ஜெர்மனியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு யாரோ வேண்டுமென்றே சோதனை வைத்துப் பார்த்த மாதிரி இருக்கும் இடம் அது. ஒரே மக்கள், ஒரே மொழி, போருக்குப் பின் நாற்பது வருடம் இரண்டு நாடு. கிழக்கில் ஆட்கள் தேவை, அரசே காப்பகம் கட்டியது. 1989-இல் அங்கே மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்துக்குக் காப்பகத்தில் இடம் இருந்தது, வேலை செய்யும் வயதுப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தார்கள். மேற்கில் அந்த வயதுக் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இடமில்லை, பாதிப் பெண்கள்தான் வேலையில் இருந்தார்கள். மேற்கில் சின்னக் குழந்தையை விட்டு வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஒரு வசவுச் சொல்லும் உண்டு, ‘அண்டங்காக்கைத் தாய்’. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்தச் சொல் தலைகீழாகத் தெரியும். அங்கே காக்கை குஞ்சைக் கைவிடும் பறவை. 1990-இல் நாடுகள் ஒன்றான பிறகு சட்டமும் வரியும் ஒன்றாகிவிட்டன. அப்படியும் கிழக்கில் வளர்ந்த பெண்கள் குழந்தை பிறந்த பின் சீக்கிரம் வேலைக்குத் திரும்புவதும் முழுநேரம் வேலை செய்வதும் மேற்கைவிட அதிகமாகவே தொடர்ந்தது. இரண்டு பக்கத்திலும் கேட்டால் ‘என் விருப்பம்’ என்றுதான் சொல்வார்கள். நானும் நம்புவேன். ஆனால் ஒரு எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்ததாலும் அந்தப் பக்கம் பிறந்ததாலும் விருப்பம் மாறிப்போகிறது என்றால், அதில் நம்முடையது எவ்வளவு?

‘இயற்கை’ என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் ஹென்ரிக் கிளெவன் என்ற பொருளாதார வல்லுநரும் சகாக்களும் அரசுப் பதிவேடுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். முதல் குழந்தை பிறக்கும்வரை ஆண், பெண் சம்பளக் கோடுகள் ஒன்றாகவே போகின்றன. பிறந்த அந்த வருடம் அம்மாவின் கோடு மட்டும் கீழே விழுகிறது. அப்பாவின் கோட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. பத்து வருடத்துக்குப் பிறகும் அம்மாவின் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே நிற்கிறது. அதே முறையில் மற்ற நாடுகளைப் பார்த்தபோது அமெரிக்காவில் சுமார் 31 சதவீதம், பிரிட்டனில் 44, ஜெர்மனியில் 61. அம்மாவின் உடம்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதானே, அதை மட்டும் காரணமாகச் சொன்னால் டென்மார்க்கின் 21-க்கும் ஜெர்மனியின் 61-க்கும் நடுவில் உள்ள தூரம் எங்கிருந்து வந்தது?

இன்னும் நேரடியான ஆதாரமும் இருக்கிறது. டென்மார்க்கில் குழந்தையைத் தத்து எடுத்த பெண்களையும் பார்த்தார்கள். பிரசவம் இல்லை, தாய்ப்பால் இல்லை, ஆனாலும் நீண்ட காலத்தில் வருமானச் சரிவு பெற்ற தாய்க்கு எவ்வளவோ அவ்வளவேதான். நார்வேயில் இன்னொரு ஆய்வு, இரண்டு பெண்கள் துணைகளாக வாழும் வீடுகளைப் பற்றி. அங்கே பெற்றவருக்குக் கொஞ்சம் சரிகிறது, துணைக்கும் கொஞ்சம் சரிகிறது, சில வருடங்களில் இருவருக்கும் சரியாகிவிடுகிறது. ஆணும் பெண்ணும் உள்ள வீட்டில்தான் அது ஒருவர் மேல் மட்டும் விழுந்து அங்கேயே தங்கிவிடுகிறது.

வேலை இடத்தில் என்ன நடக்கிறது என்பது நான் உள்ளே இருந்து பார்த்தது, ஆனாலும் என் வார்த்தையை நம்ப வேண்டாம். 2007-இல் ஷெல்லி கோரல் என்ற சமூகவியலாளரின் குழு, தகுதி எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் போலி விண்ணப்பங்களைத் தயாரித்து, ஒன்றில் மட்டும் பெற்றோர் சங்கத்தில் உறுப்பினர் என்பது போல ஒரு வரி சேர்த்தார்கள். அந்த ஒரு வரியால் அம்மாவுக்குப் பரிந்துரைத்த ஆரம்பச் சம்பளம் சுமார் 7 சதவீதம் குறைந்தது. நிஜ நிறுவனங்களுக்கு அனுப்பியபோது குழந்தை இல்லாத பெண்ணைவிடப் பாதி அளவுக்குத்தான் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. அப்பாவுக்கு அந்த வரியால் நஷ்டம் இல்லை. நான் இன்டர்வியூ அறைகளில் இருந்திருக்கிறேன், அம்மாக்கள் வேண்டாம் என்று யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ‘இந்தப் பொறுப்புக்கு ஓடியாடும் ஆள் வேண்டுமே’ என்பார்கள். எல்லோருக்கும் புரியும்.

2023-இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் சொல்வது எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. சில வேலைகள் பேராசை பிடித்தவை. அவற்றில் வாரம் அறுபது மணி நேரம் கொடுப்பவருக்கு, முப்பது மணி நேரம் கொடுப்பவரைவிட இரண்டு மடங்கு சம்பளம் என்று இல்லை, அதற்கும் மிக மேலே கிடைக்கும். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் வர வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் பணம். ஒரு வீட்டில் இரண்டு பேரும் அப்படிப்பட்ட வேலையில் இருந்தால் குழந்தைக்கு யாரும் இருக்க மாட்டார்கள், இரண்டு பேரும் விட்டால் நிறையப் பணம் போய்விடும், எனவே ஒருவர் அங்கே, ஒருவர் இங்கே. யார் எங்கே என்பதைத்தான் பழக்கம் முடிவு செய்கிறது. இது மாற முடியாதது இல்லை என்பதற்கு அவரே காட்டும் உதாரணம் அமெரிக்க மருந்தாளுநர்கள். முன்பு சொந்தக் கடை, எல்லாம் ஒருவர் தலையில். பின்னர் பெரிய கடைகள், நோயாளியின் விவரம் எல்லாம் கணினியில், ஒருவர் போனால் இன்னொருவர் அதே வேலையைத் தொடரலாம். இப்போது அங்கே பாதி நேரம் வேலை செய்தால் கிட்டத்தட்ட பாதிச் சம்பளம், தண்டனை இல்லை. ஆண் பெண் வித்தியாசமும் மிகக் குறைவு. யாரும் அதைப் பெண்களுக்காகச் செய்யவில்லை, தொழில் மாறியபோது அதுவாக நடந்தது.

இதுவரை படித்துவிட்டு ‘ஆக, வீட்டில் இருக்கும் அம்மாக்கள் எல்லோரும் ஏமாந்தவர்கள் என்கிறீர்கள்’ என்று யாராவது கோபப்பட்டால், இல்லை. அதையும் சொல்ல வேண்டும், எனக்கு அந்தப் பக்கத்து ஆட்களோடுதான் சண்டை அதிகம். 1975-இல் பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பூவா ஒரு உரையாடலில், குழந்தை வளர்க்க வீட்டில் இருக்கும் வாய்ப்பையே பெண்களுக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மிக அதிகமான பெண்கள் அதையே எடுத்துக்கொள்வார்கள் என்ற பொருளில் சொன்னார். எதிரே இருந்த அமெரிக்கப் பெண்ணியவாதி பெட்டி ஃப்ரீடன் ஒத்துக்கொள்ளவில்லை. நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்பதில் ஒரு திமிர் இருக்கிறது.

உண்மையிலேயே குழந்தையோடு இருக்க ஆசைப்படுகிறவர்கள் நிறைய. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனமும் சேர்ந்து 142 நாடுகளில் எடுத்த கருத்துக்கணிப்பு 2017-இல் வந்தது. வீட்டில் மட்டும் இருக்க விரும்புகிறேன் என்ற பெண்கள் 27 சதவீதம். சம்பள வேலை மட்டும் என்றவர்கள் 29. இரண்டும் வேண்டும் என்றவர்கள் 41. அந்த 41-ஐத்தான் நாம் பார்க்க மறுக்கிறோம். ‘வேலையா, வீடா’ என்ற கேள்வியே அவர்களை விட்டுவிட்டுத்தான் கேட்கப்படுகிறது. கேத்தரின் ஹக்கிம் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர் 2000-ஆம் ஆண்டு வாக்கில் கிட்டத்தட்ட இதையே வேறு மாதிரி சொன்னார்: ஐந்தில் ஒருவர் வீடு, ஐந்தில் ஒருவர் வேலை, மீதி மூன்று பேர் நிலைமைக்குத் தக்கபடி. அவர் அதை வைத்து, பெண்களின் விருப்பம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்ற முடிவுக்குப் போனார். எனக்கு அதே கணக்கு எதிராகப் படுகிறது. ஐந்தில் மூன்று பேர் நிலைமைக்குத் தக்கபடி மாறுகிறார்கள் என்றால், அந்த மூன்று பேருக்கு முடிவெடுப்பது நிலைமைதானே?

கிடைக்காததை மனசு ‘வேண்டாம்’ என்று மாற்றிக்கொள்ளும். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும். அமர்த்தியா சென் போன்றவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ஆனால் இந்தச் சாவியை வீட்டில் இருப்பவர்மேல் மட்டும் போட்டுத் திருப்புவது நியாயம் இல்லை. வேலைக்குப் போகிற அம்மாவும், ‘வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்’ என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் அதே புளிப்பு இருக்கும். கடனைக் கட்ட அந்தச் சம்பளம் வேண்டும் என்பது அந்த வாக்கியத்தின் சொல்லாத பாதி.

யாருக்கு எந்த அறிவுரை போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். வசதியுள்ள அம்மா வேலைக்குப் போனால் ‘குழந்தையை விட்டுவிட்டா?’ என்பார்கள். ஏழை அம்மா குழந்தையோடு வீட்டில் இருந்தால் ‘உழைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்’ என்பார்கள். அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது. 1971-இல் நாடு முழுக்கக் குழந்தைக் காப்பகங்கள் அமைக்கும் மசோதாவை அந்த நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றி அனுப்பியது, அதிபர் நிக்சன் தடுத்துவிட்டார். குடும்ப முறையைக் குலைக்கும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. 1996-இல் வந்த நலத்திட்டச் சீர்திருத்தம், உதவிப் பணம் வாங்கும் ஏழை அம்மாக்கள், பெரும்பாலும் தனியாகக் குழந்தை வளர்ப்பவர்கள், வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்றது. அங்கே கூட்டாட்சிச் சட்டம் தரும் விடுப்பு 1993-இலிருந்து 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் ஐம்பது பேராவது வேலை செய்யும் இடம் போன்ற நிபந்தனைகளோடு. சம்பளமில்லாத விடுப்பை எடுக்கச் சேமிப்பு வேண்டும். இல்லாதவர் குழந்தை பிறந்த சில வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிடுவார், அதையும் யாராவது ‘அவள் வேலையைத் தேர்ந்தெடுத்தாள்’ என்று சொல்வார்கள்.

பின்லாந்து இரண்டையும் கொடுத்துப் பார்த்த நாடு. காப்பகத்தில் இடம் குழந்தையின் உரிமை, வேண்டாம் என்றால் மூன்று வயது வரை வீட்டில் பார்த்துக்கொள்ள உதவித்தொகை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அப்பாவும் வாங்கலாம். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள், அதிலும் நீண்ட நாள் வாங்குகிறவர்கள் படிப்பு குறைவாகவும் நிலையான வேலை இல்லாமலும் இருப்பவர்கள். திரும்பிப் போக நல்ல வேலை இருப்பவர் சீக்கிரம் போகிறார், இல்லாதவர் வீட்டில் தங்குகிறார். ஒரே உதவித்தொகை ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு வேறு போக்கிடம் இல்லாத இடம்.

குழந்தைக்கு எது நல்லது என்று கேட்பார்கள், அதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், அம்மா வேலைக்குப் போகிறாளா என்பதைவிட வீட்டில் குழந்தையை எப்படி நடத்துகிறார்கள், காப்பகம் தரமானதா என்பவைதான் அதிகம் முக்கியமாகத் தெரிந்தன. காப்பகத்தில் மிக நீண்ட நேரம் இருந்த குழந்தைகளிடம் கொஞ்சம் கூடுதல் முரட்டுத்தனமும் தெரிந்தது, மறைக்க வேண்டியதில்லை. கனடாவின் கியூபெக் 1997-இல் நாளுக்கு 5 டாலர் காப்பகம் தொடங்கியபோது, பெற்றோர் இருவரும் உள்ள வீடுகளில் வேலைக்குப் போன அம்மாக்களின் பங்கு சுமார் 8 சதவீதப் புள்ளிகள் கூடியது. அதே ஆய்வில் சில குழந்தைகளின் நடத்தை மோசமானதும் பதிவாகியிருக்கிறது, அவசரமாகத் திறந்தால் தரம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. இதை வைத்து எந்த அம்மாவையும் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. காப்பகத்தின் விலை குறைந்ததும் அத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்பதுதான் நம் கேள்விக்கு வேண்டியது. அதற்கு முந்தைய வருடம் அவர்கள் எல்லோரும் ‘வீட்டைத் தேர்ந்தெடுத்தவர்கள்’.

அப்படியென்றால் எதைத்தான் தேர்வு என்று சொல்வது? பல வருடம் இதை யோசித்து நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்றுதான்: திரும்பி வர முடியுமா? ஒரு முடிவை எடுத்தபின் மனம் மாறினால், அதிக நஷ்டமில்லாமல் மறுபக்கம் போக முடிந்தால் அது தேர்வு. முடியாவிட்டால் அது ஒருவழிப் பாதை, நுழையும்போது நீங்களே சிரித்துக்கொண்டு நுழைந்திருந்தாலும். மூன்று வருடம் குழந்தையோடு இருக்கலாம் என்று ஒருவர் நினைக்கிறார், கிடைப்பது மூன்று வருடம் என்று அவருக்குத் தோன்றுகிறது. டென்மார்க் கணக்கைப் பார்த்தால் அதன் விலையைப் பத்து வருடத்துக்கு மேலும் கட்ட வேண்டியிருக்கிறது. அவர் எதற்குச் சம்மதித்தார், எது அவர் தலையில் விழுந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டாமா?

என் கதை இதுதான். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு நானும் விட்டேன். யாரும் தள்ளவில்லை, உண்மையிலேயே ஆசையாக இருந்தது, அந்த நாட்கள் நன்றாகவும் இருந்தன. இரண்டரை வருடம் கழித்து வேறு ஒரு நிறுவனத்தில் கதவைத் தட்டியபோது இரண்டு படி கீழே எடுத்துக்கொண்டார்கள், எனக்கு மேலே உட்கார்ந்திருந்தது முன்பு நான் வேலைக்கு எடுத்து பயிற்சி கொடுத்த பையன். நல்ல பையன்தான். அவனுக்கும் இடையில் இரண்டு குழந்தைகள் பிறந்திருந்தன. ‘இந்த இரண்டரை வருடம் என்ன செய்தீர்கள்?’ என்று இன்டர்வியூவில் என்னைக் கேட்டவர்களுக்கு, அவனிடம் அப்படிக் கேட்க எதுவும் இருந்திருக்காது. விட்டது என் தேர்வு. இரண்டு படி இறங்கியதை நான் தேர்ந்தெடுக்கவில்லை.

இங்கேதான் அப்பா வருகிறார், இத்தனை நேரம் கேள்வியிலேயே இல்லாத ஆள். அவர் எப்போது தேர்ந்தெடுத்தார்? வேலைக்குப் போவதா, குழந்தையோடு இருப்பதா என்று எந்த அப்பாவும் இரவு தூங்காமல் யோசித்ததாக நான் அதிகம் கேட்டதில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 கணக்கில், பராமரிப்புப் பொறுப்பால் சம்பள வேலைக்கு வெளியே இருக்கும் பெண்கள் உலகம் முழுக்க 70.8 கோடி, ஆண்கள் 4 கோடி. சட்டம் இருந்தும் போதாது என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். அப்பாவுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் வரை விடுப்பு, உலகிலேயே தாராளமான ஏற்பாடுகளில் ஒன்று. ஆனாலும் 2015-இல் எடுத்தவர்கள் 2.65 சதவீதம். 2022-இல் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள்: குழந்தை பிறக்கப்போகிறது என்று ஊழியர் சொன்னால், விடுப்பு எடுக்க விருப்பமா என்று நிறுவனமே அவரைத் தனியாகக் கேட்டாக வேண்டும். அதோடு வேறு மாற்றங்களும் வந்தன. 2023-இல் எடுத்தவர்கள் 30 சதவீதத்தைத் தாண்டினார்கள். எவ்வளவு நாள் எடுத்தார்கள் என்பது வேறு கதை, பலர் சில வாரங்களோடு சரி. ஆனால் ‘நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்ற கேள்வியை ஒரு ஆணிடம் வாய்விட்டுக் கேட்க ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. நார்வே 1993-இலேயே நான்கு வாரத்தை அப்பாவுக்கென்று ஒதுக்கியது, அவர் எடுக்காவிட்டால் அந்த வாரங்கள் வீண். அண்ணனோ கூட வேலை செய்பவரோ எடுத்தால் அடுத்தவரும் எடுக்கும் வாய்ப்பு கூடியது என்பதையும் அங்கே ஆய்வு செய்து காட்டியிருக்கிறார்கள்.

விடுப்பின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் அப்படித்தான். நிறுவனம் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றால், இளம் பெண்ணை வேலைக்கு எடுக்கும்போதே அந்தச் செலவு அறையில் உட்கார்ந்திருக்கும். இந்தியாவில் 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரம் ஆனபோது அந்தச் சம்பளப் பொறுப்பு பெரும்பாலும் நிறுவனங்களின் மேல்தான் விழுந்தது. 2000-இல் வந்த சர்வதேச மகப்பேறு உடன்படிக்கையோ, இது சமூகக் காப்பீடு அல்லது பொது நிதி வழியாக வர வேண்டும், தனி நிறுவனத்தின் தலையில் வைக்கக் கூடாது என்கிறது.

இப்போது நீங்களே இந்த முடிவின் முன்னால் நிற்கிறீர்கள் என்றால், நான் பார்த்ததை வைத்துச் சில விஷயம். காப்பகச் செலவை இரண்டு சம்பளத்தையும் கூட்டி அதிலிருந்து கழியுங்கள், ஒரு மாதத்துக்கு இல்லை, பத்து வருடத்துக்கு. ராஜினாமா கொடுப்பதற்கு முன் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சில் மறுத்துவிடுவார்கள். வீட்டில் இருக்கும் வருடங்களில் உங்கள் பெயரில் ஓய்வூதியச் சேமிப்பு தொடர்ந்து போகட்டும், அது கணவர் உங்களுக்குச் செய்யும் உதவி இல்லை, நீங்கள் வீட்டில் இருப்பதால் அவரால் தொடர முடிகிற வேலையில் உங்கள் பங்கு. காப்பகத்தில் முதல் போன் எண்ணாக அவருடையதைக் கொடுங்கள். உங்களுடையதைக் கொடுக்காமல் இருந்து பாருங்கள், ஒரு வாரத்தில் நிறையத் தெரியும்.

எல்லாம் யோசித்த பிறகும் விடுவது என்றால் விடுங்கள், சந்தோஷமாக விடுங்கள். அந்தப் படிவத்தில் மட்டும் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதாதீர்கள். ஆறு மணி மீட்டிங் என்றால் ஆறு மணி மீட்டிங் என்றே எழுதுங்கள். கட்டம் சின்னதாக இருந்தால் பின்பக்கம் எழுதலாம், அதையும் ஸ்கேன் செய்துதான் வைக்கிறார்கள்.